பிறந்தநாள் வீடியோவில் இல்லாதது

சிடுசிடுக்கும் மாமியாரைச் சிரிக்க வைப்பது கல்யாண வீடியோ எடிட்டருக்குக் கை வந்த கலை. மணப்பெண் உள்ளே நுழையும்போது அந்த அம்மாள் உண்மையில் முகத்தைச் சுளித்திருப்பார். அதை வெட்டிவிட்டு, எப்போதோ ஐஸ்கிரீமைப் பார்த்து அவர் சிரித்ததைக் கொண்டுவந்து அங்கே ஒட்டிவிடுவார் எடிட்டர். "மருமகமேல என்ன ஒரு பாசம்!" என்று சொந்தபந்தமெல்லாம் உருகும். இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தால் போதும், முன்னதால்தான் பின்னது நடந்தது என்று ஜனங்கள் தாங்களாகவே முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். கல்யாண வீடியோத் தொழிலே இதில்தான் ஓடுகிறது.

இவ்வளவு விவரம் தெரிந்த மனிதர்தான் வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார், கைக்குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடவே கூடாது என்று.

காரணம் மூத்த மகள். ஏழு வயது, ஆட்டிசம். வாசலில் ஒரு செருப்பு இடம் மாறினாலும் கண்டுபிடித்து, அதைப் பழைய இடத்தில் வைக்கும்வரை யாரையும் விடமாட்டாள். அதனால் வீட்டில் அவளுக்கு சூப்பர்வைசர் என்று பெயர். முதல் பிறந்தநாள் முடிந்து சில வாரங்களில் அவளுக்கு அந்த ஊசியைப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் கூப்பிட்டால் திரும்பாமல் போனாள் என்பது எடிட்டரின் கட்சி. அவருடைய அக்கா விடிந்ததும் கைபேசியில் அனுப்பும் செய்திகளும் அதையேதான் சொல்லின. லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்து ஆராய்ந்தாயிற்று, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னபோது, எடிட்டர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். படியிறங்கும்போதே அதை மறந்தும் போனார்.

இப்போது பக்கத்துத் தெருவில் தட்டம்மை வந்துவிட்டது. ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வீட்டில் உருண்டை என்று பெயர் வாங்கிய எடிட்டரின் கொழுகொழு பையனோ கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தவழ்ந்துகொண்டிருந்தான். அவன் அம்மா ஊசி அட்டையைத் தேடி எடுத்தாள்.

"கிளினிக் மூடறதுக்குள்ள இவனத் தூக்கிட்டுப் போகப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"ஆதாரத்தோட காட்டினா நம்புவியா?"

"காட்டுங்களேன், பாக்கலாம்."

எடிட்டரின் ஆதாரம் மகளின் முதல் பிறந்தநாள் வீடியோ. ஐந்து நிமிடம், பின்னால் ஒரு குழலிசை. அம்மா கூப்பிட்டதும் குழந்தை சட்டென்று திரும்புவாள், அம்மாவைப் பார்த்துப் பொக்கைவாய் தெரியச் சிரிப்பாள். வீட்டுக்கு வருகிற எவரும் அதைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. "பாருங்க, ஊசிக்கு முன்னால எப்படி இருந்தா!" என்று எடிட்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஐந்து நிமிடமே இப்படி என்றால், வெட்டாத முழுப் பதிவில் இன்னும் எத்தனை சிரிப்பு இருக்கும்! அறைக்குள் போய்ப் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடிப் பிடித்துக் கணினியில் செருகினார்.

திரையில் அவர் மனைவி கூப்பிட்டாள். குழந்தை திரும்பவில்லை. அவருடைய அக்கா கூப்பிட்டாள், கைதட்டினாள், கிலுகிலுப்பை ஆட்டினாள். ஊஹூம். குழந்தை மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காகிதத் தட்டைக் கவிழ்த்து வைத்து, சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். ஒரே ஒருமுறை திரும்பினாள், பின்னால் யாரோ பலூனை உடைத்தபோது. அந்தச் சிரிப்பும் இருந்தது, ஃபேனைப் பார்த்து.

எடிட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பலூனுக்குத் திரும்பியதை அம்மாவின் குரலுக்கு அடுத்து ஒட்டியது யார்? ஃபேனுக்குச் சிரித்ததை அம்மாவின் முகத்துக்கு அடுத்து வைத்தது யார்? குழந்தை இன்னிக்கு மூட்ல இல்ல என்று நினைத்துக்கொண்டு, 'வேஸ்ட்'டையெல்லாம் கழித்துக் கட்டியது இப்போது நினைவுக்கு வந்தது. மாமியார்களுக்குச் செய்த வைத்தியத்தை மகளுக்கும் செய்திருந்தார். ஊருக்கெல்லாம் காதில் பூச்சுற்றியவர் தன் காதிலும் ஒரு முழம் சுற்றிக்கொண்டு, அதை வருஷக்கணக்கில் போட்டுப் போட்டுப் பார்த்து அழுதிருந்தார்.

உருண்டையை இடுப்பில் வைத்தபடி மனைவி வந்து பின்னால் நின்றாள். அவரால் அவளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"உனக்குத் தெரியுமா இது?"

"இல்லீங்க. நானும் அந்த அஞ்சு நிமிஷத்தத்தானே பாத்துட்டிருந்தேன்." அவள் திரையைக் காட்டினாள். "எவ்வளவு சந்தோஷமா இருக்கா பாருங்க."

உண்மைதான். ஃபேனுக்குக் கீழே குழந்தை குஷியாக இருந்தாள். மற்றவர்கள்தான் அவளைச் சுற்றிக் கூப்பாடு போட்டு வியர்த்து வழிந்தார்கள்.

அப்போது சூப்பர்வைசர் உள்ளே வந்தாள். நேரே திரையின் முன்னால் உட்கார்ந்து மூக்கு ஒட்டுமளவுக்குப் பார்த்தாள்.

"இது நான். தட்டு சுத்தறேன்."

"ஆமாம்மா."

"நல்லாருக்கு. பிறந்தநாள் வீடியோவுல இது இல்ல. ஏன் வெட்டினீங்க?"

"தெரியாம வெட்டிட்டேன்மா."

"திரும்ப ஒட்டுங்க."

"ஒட்டறேன். முதல்ல தம்பியத் தூக்கிட்டுக் கிளினிக்குக்குப் போயிட்டு வந்துடலாம், வா."

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் கிளம்பிவிட்டாள்.

கிளினிக்கில் நர்ஸ் கை கழுவியதைச் சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்று கண்காணித்தாள். விரல் இடுக்கில் சோப்பு போடவில்லை என்று மறுபடி கழுவ வைத்தாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே மருந்தை ஊசியில் ஏற்றினார். அவர் மூத்த பிள்ளை உள்ள எல்லாப் பெற்றோரிடமும் கேட்கும் கேள்வியை எடிட்டரிடமும் கேட்டார்.

"மூத்த குழந்தைக்கு இதே ஊசி போட்டப்ப ஏதாவது ஆச்சா சார்?"

யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று எடிட்டர் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தவர். கேட்டால் ஒரு மணிநேரம் பேச அவரிடம் சரக்கு இருந்தது. மனைவி அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஒரு நாள் காய்ச்சல் வந்துது, சிஸ்டர். வேற ஒண்ணும் ஆகல." மகளைப் பார்த்தார். "இவ அதுக்கு முன்னாடியும் இவளாத்தான் இருந்தா. நான்தான் பாக்கல."

"சரி, குழந்தையோட தொடையக் கெட்டியாப் பிடிங்க" என்றார் நர்ஸ். எடிட்டர் பிடித்தார்.