மசோதாவும் மணிக்கட்டும்

எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் பேச சங்கத்தில் என்னை அனுப்பியதற்குக் காரணம் அறிவு அல்ல, வாய். இதயப் பிரிவில் நின்று நான் ஒரு சேதி சொன்னால், கீழே மருந்துக் கிடங்கில் இருப்பவர்களுக்கு யாரும் போய்த் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "நீ பேசுனா அவரு கேக்காம இருக்க முடியாதுடி" என்றார் நோட்டீஸ் அக்கா. எங்கள் செவிலியர் சங்கத் தலைவி அவர். அவருடைய கைப்பையில் சாப்பாடு இல்லாமல் போகலாம், நோட்டீஸ் இல்லாமல் போகாது.

விஷயம் இதுதான். வார்டில் படுக்கை விரித்து, உடம்பு துடைத்து, மலச்சட்டி எடுக்கிற உதவியாளர்கள், சம்பளத்தை இழக்காமல் நர்ஸ் படிப்பு படிக்க வேண்டும். அதற்கு அரசே பணம் கட்ட வேண்டும். இப்படி ஒரு மசோதா வந்திருந்தது. அதில் வயது வரம்பும் இருந்தது. என் தங்கை என் வார்டிலேயே உதவியாளர். இந்த வருடம் வகுப்பு தொடங்கினால் அவளுக்கு இடம் உண்டு. அடுத்த வருடம் என்றால் வயது தாண்டிவிடும், அவ்வளவுதான். அப்பா போன பிறகு வீட்டில் ஒருத்தியைத்தான் படிக்கவைக்க முடிந்தது, மூத்தவள் என்று அந்த ஒருத்தி நானானேன். தங்கை இதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சட்டமன்றத்தில் ஆதரவும் எதிர்ப்பும் சரிசமமாக இருந்தன. சமமாக முடிந்தால் மசோதா தோற்றதாகவே கணக்கு. எந்தப் பக்கமும் சாயாமல் மதில்மேல் பூனையாக இருந்தவர் எங்கள் தொகுதி உறுப்பினர் ஒருவர்தான். ஷிப்ட் முடிந்த கையோடு தெருத் தெருவாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். பஸ் நிறுத்தத்தில் நோட்டீஸ் கொடுத்தோம். பாதிப் பேர் ஏதோ கடையின் தள்ளுபடி விளம்பரம் என்று நினைத்து வாங்கினார்கள். கடைசியில் நோட்டீஸ் அக்கா அவரிடம் பேச மூன்று நிமிடம் வாங்கிவிட்டார்.

உடை மாற்றும் அறையில் ஒத்திகை நடந்தது. தண்ணீர்க் கேன்தான் உறுப்பினர். நான் பேசப் பேசத் தங்கை கடிகாரம் பார்ப்பாள். "அக்கா, கேன் தூங்கிடுச்சு" என்பாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

அந்த நாள், வேலை முடிந்து சீருடையோடு நேராகப் போய்விட்டோம். உறுப்பினர் நாற்காலியிலிருந்து எழுந்து, சிரித்த முகமாகக் கையை நீட்டினார். நானும் நீட்டினேன். பழக்கதோஷம், என் கை அவர் உள்ளங்கைக்குப் போகாமல் மணிக்கட்டுக்குப் போயிற்று. விரல்கள் தாமாகவே நாடியைப் பிடித்தன. இடது கை, சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைத் திருப்பியது. எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

எண்ணும்போது பேசக் கூடாது என்று முதல் வருடமே எங்கள் மண்டையில் ஏற்றிவிடுவார்கள். துடிப்பு ஒழுங்காக இருந்தால் பாதியில் விட்டிருப்பேன். இவருடையது ஓடியது, தடுக்கியது, மறுபடி தலைதெறிக்க ஓடியது. அப்படிப்பட்டதை முழு நிமிடமும் எண்ணியாக வேண்டும். நோட்டீஸ் அக்கா என் இடுப்பில் கிள்ளினார். உறுப்பினர் பாவம், இது ஏதோ புதுவிதமான மௌனப் போராட்டம் என்று நினைத்து மரியாதையாகத் தலை குனிந்து நின்றார்.

"சார், உட்காருங்க. மூச்சு வாங்குதா?"

"மாடி ஏறுனா கொஞ்சம் வாங்கும்மா."

கீழே குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். நீர் கோத்து வீங்கியிருந்தது, விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. நான் காலில் விழுவதாக நினைத்து அவருடைய செயலாளர் என்னைத் தூக்கிவிட ஓடிவந்தார். "இன்னைக்கே ஈசிஜி எடுக்கணும் சார், நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்று சொல்லி முடித்தபோது நேரமும் முடிந்துவிட்டது.

தெருவுக்கு வந்ததும் நோட்டீஸ் அக்கா கேட்டார். "மசோதான்னு ஒரு வார்த்தையாச்சும் உன் வாயில வந்துச்சாடி?"

"இல்லக்கா."

"அந்தத் தண்ணிக் கேனையே கூட்டிட்டு வந்திருக்கலாம்."

உறுப்பினர் சொன்ன பேச்சுக் கேட்கிறவர். அன்று மாலையே ஈசிஜி எடுத்தார், அதைப் பார்த்த டாக்டர் அவரை எங்கள் வார்டிலேயே படுக்கவைத்துவிட்டார். ஆளே நம் கைக்கு வந்துவிட்டார் என்று சங்கமே குதித்தது. ஆனால் அரசியல் பேசி அவரைப் பதற வைக்கக் கூடாது என்று டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. நோட்டீஸ் அக்காவை வாசலிலேயே திருப்பி அனுப்பியவளும் நான்தான்.

வாக்கெடுப்பு நாள் காலையில் பார்த்தால், டிரிப்ஸ் ஏறுகிற கையோடு அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத்தாம்மா ஓட்டு. நீங்க கேக்கறது சரியாத்தான் இருக்கும். போட்டுட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

மசோதாவில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய மகராசி நான்தானே. தலைக்கு மேல் மானிட்டரில் எண்கள் தாவிக்கொண்டிருந்தன. டாக்டருக்குப் போன் செய்தேன். "கட்டிலை விட்டு இறங்கவே கூடாது. ஆனா அவரு பிடிவாதமா கிளம்புனா கட்டிப்போடவா முடியும்? நீங்க சொன்னா கேப்பாரு, நீங்க சொல்லுங்க" என்றார்.

கதவருகே தங்கை மடித்த விரிப்புகளோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் விரிப்பைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவர் போய்விடுவார், அவள் படித்துவிடுவாள். எனக்குத்தான் வாயை மூடத் தெரியாதே.

"படுங்க சார். படியில மயங்கி விழுந்தீங்கன்னா தூக்குறதுக்குள்ள உயிர் போயிடும். சட்டையைக் கழட்டுங்க."

அவர் மறுபேச்சில்லாமல் படுத்துவிட்டார். வீட்டிலும் வெளியிலும் ஒரு ஜீவன் என் பேச்சைக் கேட்டதில்லை. கேட்ட ஒரே மனிதரும் இந்த நேரம் பார்த்தா கேட்க வேண்டும்?

மதியம் சேதி வந்தது. ஓட்டுகள் சமம். மசோதா போயிற்று. நோட்டீஸ் அக்கா போனில் இரண்டே வார்த்தை அனுப்பியிருந்தார்: "நல்லா இரு."

மறுநாள் உறுப்பினரின் துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது. தங்கை விரிப்பு மாற்ற வந்தாள். அவரைக் கட்டிலிலிருந்து இறக்காமலே ஒரு பக்கம் புரட்டி, பழையதைச் சுருட்டிப் புதியதை விரித்து, மறுபக்கம் புரட்டி முடித்துவிட்டாள். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நான் டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"கை ரொம்பப் பக்குவமா இருக்கேம்மா" என்றார் அவர். "நீ ஏன் நர்ஸுக்குப் படிக்கலை?"

தங்கை விரிப்பின் முனையை மெத்தைக்கு அடியில் செருகினாள்.

"எங்கக்கா விடலை சார்."

"இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு அக்காவா?" அவருக்கு நிஜமாகவே வருத்தம். என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்களாவது அந்தக்காகிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா? உங்க பேச்சை யாரும் தட்டமாட்டாங்க."

"சொல்றேன் சார்" என்றேன்.

தங்கை அழுக்கு விரிப்பை வாரிக்கொண்டு வெளியே போனாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலேயே போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.