மோட்டார் ஷெட்டில் டயர் செருப்பு

திருத்தணி மலையடிவாரத்தில் இருந்த கஜபதியின் மோட்டார் ஷெட்டுக்குள் நுழைகிறவன் முதலில் கம்பத்தைப் பிடித்துக்கொள்வான், அப்புறம்தான் காலை வைப்பான். அப்படி வழுக்கும் தரை அது. பதினைந்து வருஷத்து எஞ்சின் எண்ணெயும், யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ் கக்கிய சாம்பலும் சிமெண்டில் ஊறி அடையடையாய்ப் படிந்து கிடந்தன. பூச்சு வேறு ஆங்காங்கே பெயர்ந்து குழி விழுந்திருந்தது. போன வாரம் டிரைவர் அதில் வழுக்கி விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டபோது, "கண்ணு இன்னா பொடரியிலயா இருக்குது?" என்று கேட்ட மகராசன்தான் கஜபதி. ஆனால் மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்து, "ஆடிக் கிருத்திகைக்குள்ள இந்தத் தரைய சரி பண்ணலன்னா ஸ்பெஷல் பஸ்ஸுக்குப் பர்மிட் கெடையாது" என்று சொன்னதும் அவருக்கு வியர்த்துவிட்டது.

கொத்தனார் வந்து பார்த்தார். உடைத்துப் புதிதாய்ப் போட இருபது மூட்டை சிமெண்டு வேண்டும் என்றார். யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் சிமெண்டுக் கண்ட்ரோல் முடியவில்லை. தாலூகா ஆபீசில் நாயாய் அலைந்து கஜபதி வாங்கியது மூன்றே மூட்டை.

"அப்போ மேல மெல்லிசா ஒரு பூச்சுதாங்க போட முடியும். ஆனா எண்ணெ மொத்தமும் போவணும். எண்ணெ மேல சிமெண்டு ஒட்டாது, நாலே நாள்ல பேந்துகினு வந்துடும்" என்றார் கொத்தனார்.

எண்ணெயை எடுக்கக் கடையில் சலவைச் சோடா வாங்கக் கஜபதிக்கு மனசு வருமா? பொதட்டூர்பேட்டைச் சாயப்பட்டறையில் நூல் வேகவைக்கக் காஸ்டிக் சோடாக் காரம் கரைப்பார்கள். மிச்சம் விழுந்ததைக் கொட்டிவிடுவார்கள். அதைத் தம் பஸ்ஸிலேயே இரண்டு பீப்பாய் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஓசியில் காரியம் முடிந்ததென்று மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறைக்காரர் ஏற்றும்போதே எச்சரித்தார்: "கட்டையால கலக்குங்க. மேல பட்டா தோல உரிச்சிடும். மொதல்ல ஒண்ணும் தெரியாது, அப்புறம்தான் வேலயக் காட்டும்." கஜபதி "ஆங், ஆங்" என்று தலையாட்டினார். நன்றாகக் காதில் விழுந்தது. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மறுநாள் காலை தரை தேய்க்க மூன்று கூலிப் பெண்கள் சேரியிலிருந்து வந்தார்கள். மூத்தவள் கன்னியம்மா. கிருத்திகைக்கு முன்னால் மலைமேல் பந்தல் வேலைக்குக் கல்லும் மணலும் சுமக்க அவளுக்குப் பத்து நாள் வேலை காத்திருந்தது. படியேறி இறங்குகிற அந்தக் கால்களை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஷெட்டுக்குப் பின்னால் கஜபதி வீட்டுக் கிணறு இருந்தும், அவர்கள் அதில் வாளி போடக் கூடாது. தரை அலச நாலு குடம் தண்ணீரை அரை மைல் தள்ளியிருந்த குளத்திலிருந்து தலையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஷெட்டு மெக்கானிக் மெஹபூப் பாஷா பீப்பாயில் ஒரு கம்பளிக் கந்தலை முக்கி வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் கந்தல் கூழாகிக் கையோடு வந்தது. மனுஷன் பதறிப்போனார். தேய்ந்த டயரை அறுத்து, டியூபில் வார் வைத்து, மூன்று ஜோடிச் செருப்பு செய்து கொடுத்தார். அந்தப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள்.

"இது இன்னா பாய், பஸ்ஸு மாதிரி ஓட வுடப் போறயா எங்கள?" என்றாள் கன்னியம்மா.

அந்தச் சிரிப்பு அடங்கவில்லை, கஜபதி வந்துவிட்டார்.

"காலுல இன்னாடி அது?"

"டயருங்க சாமி. பாய் குடுத்தாரு."

"எம் முன்னாடி செருப்பு மாட்டிகினு நிக்கற அளவுக்கு வந்துட்டீங்களா? எங்க நைனா காலத்துல இந்தத் தெருவுல நீங்கல்லாம் செருப்பக் கையில எடுத்துகினு போனீங்க. கழட்டுங்கடி!"

பாஷா ஸ்பானரைக் கீழே வைத்தார். "மொதலாளி, இது காரம். காலு வெந்துடுங்க."

"சவுக்காரத் தண்ணிய்யா இது! எனக்குத் தெரியாதா? இவளுங்க மேல உனக்கு இன்னாத்துக்கு இம்மாம் அக்கறை?"

அசிங்கமான பேச்சு. பாஷாவின் முகம் செத்துவிட்டது. பெண்கள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, தரையில் ஊற்றியிருந்த காரத்தில் வெறுங்காலோடு இறங்கினார்கள். செங்கல் துண்டாலும் தேங்காய் நாராலும் தேய்க்கத் தேய்க்க எண்ணெய் கறுப்பு நுரையாகப் பொங்கி வந்தது. அடியில் வெள்ளைத் தரை தெரிந்தது. கஜபதிக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

சற்று நேரத்தில் பெண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். கன்னியம்மா நிமிர்ந்தாள்.

"சாமி, காலு திகுதிகுன்னு எரியுது."

"வேல செய்ய வந்தா எரியத்தான் எரியும். நடிக்காத, தேயி."

"நடிக்கிறனா?" அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "வெறும் சவுக்காரத் தண்ணின்னா நீங்களே எறங்கி நின்னு பாருங்களேன்!"

ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜனம் ஷெட்டு வாசலில் கூடியிருந்தது. யாரோ கிளுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே கஜபதி தம் செருப்பை உதறிவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, விடுவிடென்று நடுவில் போய் நின்றார்.

ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்ததுபோல வழவழவென்றிருந்தது, அவ்வளவுதான்.

"பாத்தீங்களாய்யா? வேலக் கள்ளிங்க! எனக்கு எரியலயே, இவளுங்களுக்கு மட்டும் எரியுதாமே!" என்று வாசலைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார். விரலிடுக்கில் முதலில் ஒரு குறுகுறுப்பு. அப்புறம் யாரோ தணலை அள்ளிச் செருகியதுபோல ஒரு சூடு. "அப்புறம்தான் வேலயக் காட்டும்" என்று பட்டறைக்காரர் சொன்னது அப்போதுதான் புத்திக்கு உறைத்தது. ஆனாலும் ஜனம் பார்க்கிறதே! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நிற்க முடியுமா? அலறிக்கொண்டு ஓடினார், வழுக்கினார், கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்.

"ஐயோ! தண்ணி! தண்ணி ஊத்துங்க!"

கன்னியம்மா ஒரு குடத்தைத் தூக்கினாள். அவரைத் தாண்டிப் போய், அவளோடு வந்தவர்களில் ஒருத்தியின் காலில் ஊற்றினாள்.

"ஏய்! இங்க ஊத்துடி!"

"இருங்க சாமி. இதுங்க உங்களுக்கு முன்னாடி எறங்கினதுங்க."

இரண்டாவது குடம் இன்னொருத்தியின் காலுக்கு. மூன்றாவதைத் தன் கால்களில் ஊற்றிக்கொண்டாள். ஊர் பார்க்கக் கஜபதி தம் முறைக்காகக் காத்திருந்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. நாலாவது குடத்தோடு அவள் எதிரில் வந்து நின்றாள்.

"இது எங்க குடம் சாமி. ஊத்தலாமா?"

"ஊத்தும்மா, தாயே, ஊத்து!"

ஊற்றினாள். குடம் காலியாயிற்று, எரிச்சல் போகவில்லை.

"பாஷா! பின்னால கதவத் தொற! கெணத்துல எறைங்க! எல்லாருமே போயி எறைங்க!" என்று கத்தினார் கஜபதி. பாஷா இறைத்தார், பெண்கள் இறைத்தார்கள். கஜபதியும் மூன்று பெண்களும் ஒரே கிணற்றடியில் நெடுநேரம் காலில் தண்ணீரை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கன்னியம்மாவின் குதிகாலில் தோல் வெளுத்து உரிந்து தொங்கியது. இந்தக் கிருத்திகைக்கு அவளால் கல் சுமக்க முடியாது.

கஜபதி அந்தக் குதிகாலைப் பார்த்தார்.

"பட்டறைக்காரரு சொன்னாரும்மா, தோல உரிக்கும்னு. தெரிஞ்சுதான் உங்கள எறக்கினேன். பாவி நான். காலு ஆறுற வரைக்கும் வூட்லயே இருங்க, கூலி வந்துடும். இனிமே இங்க யாரும் செருப்பக் கழட்ட வேணாம். இந்தக் கெணத்துத் தண்ணிய எடுத்துக்கங்க."

கன்னியம்மாவின் கண்ணில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"கூலி குடுங்க, வாங்கிக்கிறோம். தண்ணியும் எடுத்துக்கறோம். ஆனா ஒண்ணு கேக்கறேன் சாமி. அது சுடும்னு உங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் சுடும்னு மட்டும் தோணவே இல்ல. அடுத்தவங்க காலு வேவுறது தெரியறதுக்கு, ஒவ்வொருத்தனுக்கும் தன் காலு வெந்தாத்தான் ஆவுமா?"