வலது தோள் வெள்ளை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வருடமாக யாரும் சாப்பிட்டதில்லை. அதில் நாற்பது பிளாஸ்டிக் வீரர்கள் குடியிருந்தார்கள். ஒவ்வொருவனும் என் கட்டைவிரல் உயரம். நானும் என் மனைவியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். மூன்று வருடச் சூட்டில் என் தொடையில் தட்டின் வட்டம் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. மருத்துவர் பார்த்துவிட்டுப் பிறவி மச்சம் என்று எழுதிக் கொடுத்தார்.

மாதம் ஒரு ஞாயிறு, போர் விளையாட்டுச் சங்கத்தில் என் மகளின் மாமனாரோடு மோதுவேன். டேப் வைத்து அளந்து வீரர்களை நகர்த்த வேண்டும், பகடை உருட்டி வெட்ட வேண்டும். ஆறாவது சுற்றின் முடிவில் நடுவில் இருக்கும் அட்டைக் குன்று யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. இதுவரை ஆடிய பதினொரு முறையும் தோற்றிருந்தேன். ஒவ்வொரு முறையும் நான் வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், ஜெயித்த செய்தியோடு சம்பந்தியின் போன் வீட்டுக்கு வந்திருக்கும்.

பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு முந்திய புதன்கிழமை காலை மனைவி தட்டை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள்.

"இந்தத் தடவை நீங்க சம்பந்தியை ஜெயிக்கலேன்னா, இதுங்க அத்தனையும் பரணுக்குப் போகணும். மேசை எனக்கு வேணும்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா ஆயுசுக்கும் நான் மடியிலயே சாப்பிடறேன், போதுமா?"

ஒப்புக்கொண்டேன். பிறகுதான் சங்கத்தின் புதுச் சட்டம் ஞாபகம் வந்தது. வர்ணம் பூசாத வீரன் களத்தில் இறங்கக் கூடாது. ஒரு படை என்றால் ஒரே சீருடை. என் ஆட்களோ பெட்டியை விட்டு வந்த அன்றைக்கு இருந்த அதே சாம்பல் நிறத்தில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள்.

சம்பந்தி கெட்டிக்காரர். கறுப்பு ஸ்பிரேயை ஒரு குலுக்கு, ஒரு சுற்று, வேலை முடிந்தது. எனக்குக் கிறுக்கு. பெட்டியின் மேல் இருந்த படத்தில் கவசம் வலது பாதி வெள்ளை, இடது பாதி சிவப்பு. அதேதான் வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

வெள்ளை பெயிண்டைக் கண்டுபிடித்தவனுக்கு என்னிடம் ஏதோ பழைய பகை. நீர்க்கப் பூசினால் அடியில் இருக்கும் சாம்பல் பல்லைக் காட்டுகிறது. கெட்டியாகப் பூசினால் தயிர் மாதிரி திரண்டுகொள்கிறது. ஆறு பூச்சுக்குப் பிறகு ஒருவழியாக வெள்ளை வெள்ளையானது. பக்கத்தில் சிவப்பை வைத்தேன். சிவப்பு எட்டிப் பார்த்தது. அதை வெள்ளையால் மறைத்தேன். வெள்ளை தாண்டிப் போய்விட்டது. அதைச் சிவப்பால் மறைத்தேன். இப்படி எல்லைத் தகராறு நடந்து நடந்து, முதல் வீரன் மாலைக்குள் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டான். ஈரம் காயாத இன்னொருவன் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்து ஒட்டிக்கொண்டது. அவனையும் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பறந்தது. பக்கத்து வீட்டு மாடியில் இறங்கியவனை நான்தான் போய்க் கேட்டு வாங்கி வந்தேன். நம்பிக்கை இல்லாதவர்கள் என் மனைவியைக் கேட்கலாம். கேட்காமல் இருப்பது நல்லது.

வெள்ளிக்கிழமை வரை மூன்று பேர்தான் முடிந்திருந்தார்கள். மனைவி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பிரஷை இப்படிக் குடுங்க."

"நீ எதுக்கு? நான் தோத்தா மேசை உனக்குத்தானே?"

"வர்ணம் காயல, அதனால விளையாடல, அதனால தோக்கலைன்னு ஆரம்பிப்பீங்க. நீங்க முறையா தோக்கணும். எந்தப் பக்கம் என்ன கலர்?"

"வலது வெள்ளை. இடது சிவப்பு."

அவள் கை எல்லை தாண்டாத கை. அதைப் பார்த்துப் பார்த்து என் கையும் வேகம் பிடித்தது. சனிக்கிழமை மதியத்துக்குள் ஆளுக்கு இருபது என்று முடித்துவிட்டோம். மேசையில் வரிசையாக நிறுத்தி வைத்தோம். நாற்பது பேரும் ஒரே மாதிரி. எனக்கே கண் கலங்கியது, தின்னர் நெடி.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் கூடவே வந்தாள், நான் முறையாகத் தோற்பதைப் பார்க்க. நாற்பது பேரையும் சம்பந்தியின் பக்கம் முகம் திருப்பி நிறுத்தினேன். சங்கத்தின் செயலாளர் டேப்போடு குனிந்தார். எதையும் அளக்காமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு அங்குலம் என்று பெயர்.

"சார், இதுல பாதி பேருக்கு வலது தோள் வெள்ளை. பாதி பேருக்கு இடது தோள் வெள்ளை."

பார்த்தேன். நிஜம்தான். நான் வீரனின் முதுகு என்னைப் பார்க்கும்படி பிடித்துப் பூசுகிறவன். காயவும் அப்படியே வைப்பேன். அவள் முகத்துக்கு முகம் பார்த்துப் பூசியிருக்கிறாள். காயவும் அப்படியே வைத்திருக்கிறாள். மேசையில் எல்லாம் ஒன்றாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

"வலதுன்னு சொன்னேனே!" என்றேன்.

"யாரோட வலதுன்னு சொன்னீங்களா?" என்றாள்.

சம்பந்தி மீசையைத் தடவினார். "சட்டம் சட்டம்தான் சம்பந்தி. ரெண்டு சீருடைன்னா ரெண்டு படை."

"ரெண்டு படைன்னா ரெண்டு தளபதி," என்றார் அங்குலம். "இன்னொருத்தர் யாரு?"

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள்.

"நான் என்ன பண்ணணும்?"

"பகடையை உருட்டணும். அவ்வளவுதான்," என்றேன். காதோடு சொன்னேன்: "நாம ரெண்டு பேரும் சேர்ந்து அவரை நசுக்கிடலாம்."

"ஆமாமா," என்றாள்.

முதல் சுற்றில் அவள் தன் இருபது பேரையும் என் இருபது பேரின் மேல் ஏவினாள்.

"ஏய், அது நம்ம ஆளு!"

"யாரோட நம்ம?"

பகடையை உருட்டினாள். ஆறு. மறுபடி ஆறு. சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். "பிரமாதம் சம்பந்தியம்மா! நல்லா வெட்டுங்க!" மூன்றாவது சுற்றில் என் கடைசி வீரன், அந்த ஈ தூக்கிப் போனவன், சாய்ந்தான். நான்காவது சுற்றில் அவள் படை திரும்பியது.

"அண்ணா, கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா? குன்றுக்குப் போகணும்."

சிரிப்பு நின்றது. ஆறாவது சுற்று முடிந்தபோது குன்றின் மேல் அவளுடைய ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். அங்குலம் அளந்து பார்த்து, கறுப்பில் ஒருவனும் அருகில் இல்லை என்று எழுதிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போன் வரவில்லை.

நான் சம்பந்தியை ஜெயிக்கவில்லை. பேச்சு பேச்சுதான். ஏணி போட்டு என் இருபது பேரைப் பரணில் ஏற்றினேன். இறங்கி வந்தால் மேசை துடைத்துப் பளபளவென்று இருந்தது; இரண்டு தட்டுகள்; உப்பு ஜாடியைச் சுற்றி, இடது தோள் வெள்ளையாக, இருபது பேர்.

"இதுங்க?"

"ஜெயிச்ச படை. பரணுக்கெல்லாம் போகாது. அடுத்த மாசம் ஆட்டம் இருக்காமே, அண்ணா கிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

என் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். இருபது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வட்டம் அச்சாகப் பொருந்தியது.