இச்சாங்கிலிருந்து மூலை கிழிந்த ஒரு கவர்

தபால்காரர் சோணைமுத்து கவரைச் செல்லத்தாயின் கையில் கொடுக்கவில்லை. வேலிப்படலுக்கு வெளியே கிடந்த துவைகல்லின் மேல் வைத்து, பறக்காமலிருக்க ஓர் ஓட்டாஞ்சில்லையும் எடுத்து வைத்தார். பிறகு விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நான் எதிர்வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரை ஆய்வதற்கு வீட்டுக்குள்ளே நல்ல இடம் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து தெரு தெரியாது.

"என்னண்ணே, கல்லுக்குக் கடுதாசி குடுக்கிறீக?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சீனாவுல இருந்து வந்திருக்கு தாயி. மூலை கிழிஞ்சிருக்கு."

முறம் மடியிலிருந்து சரிந்தது. எங்கள் பக்கத்தில் நல்ல சேதி என்றால் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவார்கள். சாவு என்றால் ஒரு மூலையைக் கிழித்துவிடுவார்கள். அந்தக் கடிதம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தெருவிலேயே நின்று படித்து, கேட்டு, அழுது, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகத்தான் உள்ளே போக வேண்டும்.

செல்லத்தாய் சாணிக் கையோடு படலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கல்லையே பார்த்தாள்.

நான் எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். தொடவில்லை, பார்க்கத்தான் செய்தேன். விலாசம் இங்கிலீஷில் இருந்தது. வலது பக்கத்து மேல்மூலை போயிருந்தது. கிழிந்த ஓரத்தில் முத்திரை மை அரைவட்டமாக நின்றது.

"ஸ்டாம்பு ஒட்டுன மூலைதானண்ணே இது? அழகா இருக்கேன்னு வழியில எவனாச்சும் பிச்சிருப்பானோ?"

"நானா பிச்சேன்? இருபது வருசமா இந்தப் பையைத் தூக்குறேன்" என்று அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். நான் அவரைச் சொல்லவில்லை. ஆனாலும் வெயிலில் அவர் போன வேகத்தைப் பார்த்தபோது, அவரே அந்தக் கல்லைவிட்டுத் தப்பி ஓடுகிறவர் மாதிரிதான் இருந்தது.

செல்லத்தாயின் புருஷன் ஜெயக்கொடி மதுரையில் ஒரு மில் என்ஜினீயர் துரை வீட்டில் சமையல் செய்தவன். துரைக்குச் சீனத்துக்கு வேலை மாறியது. பெண்டாட்டியைச் சீமைக்கு அனுப்பிவிட்டு, ஜெயக்கொடியைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். பெண்டாட்டி சமையலைவிட ஜெயக்கொடி வைக்கிற கோழிக்குழம்பு மேல் என்று அவர் முடிவு செய்திருக்கலாம்; அது அவர்கள் வீட்டு விவகாரம். சமயநல்லூரிலேயே கடல் தாண்டிய முதல் ஆள் என்று அவன் அப்பா நல்லகாமன் ஆறு மாதம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

தை மாதம் அவன் கடிதம் வந்தது. படித்தது நான்தான். இந்தத் தெருவில் எழுத்துத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்தி. அதனால் எந்த வீட்டுச் சங்கதியும் என் வழியாகத்தான் அந்தந்த வீட்டுக்கே போகும். இச்சாங் என்ற ஊரிலிருந்து எழுதியிருந்தான். துரைக்கு லீவு. ஒரு பெரிய ஆறு மலையைப் பிளந்துகொண்டு வருகிற இடத்தைப் படகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார். புகைக்கப்பல் ஓடுகிறதாம், ஆனால் அதில் போனால் அழகு தெரியாது என்று மரப்படகு பேசியிருக்கிறார்.

"ரெண்டு பக்கமும் மலை சுவர் மாதிரி நிக்குமாம்" என்று எழுதியிருந்தான். "நம்ம ஆனைமலையை நட்டமா நிறுத்தி, அது தலையில இன்னொரு ஆனைமலையை வச்சது போலவாம். நடுவுல வானம் வேட்டிக்கரை அகலம்தான். உச்சிப்பொழுதிலும் உள்ளே இருட்டாம். அறுபது ஆள் பாறையில வெட்டின தடத்துல நடந்து, மூங்கில் வடம் போட்டுத் தேர் இழுக்கிற மாதிரி படகை இழுப்பாங்களாம். வடம் அறுந்தா படகு பாறையில போய் மோதுமாம். கெளம்புமுன்னே படகு மூக்குல சேவல் அறுக்கிறாங்க. துரை நாற்காலி போட்டு உக்காந்து பாக்கப் போறாரு. எனக்கு நீச்சல் தெரியாதுன்னேன். சிரிக்கிறாரு. தாண்டின அன்னைக்கே கடுதாசி போடுறேன். பயப்பட வேண்டாம்னு செல்லத்தாய்கிட்டச் சொல்லவும்."

கருப்பசாமி கோயிலில் நல்லகாமனுக்கு அடுத்த வகையறாவைச் சேர்ந்த முத்திருளன் கேட்டுவிட்டு, "கல்லைப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போனாரு தொரை? கீழக்குயில்குடி மலைக்கு வண்டி கட்டுனா நான் காட்ட மாட்டேனா?" என்றார். தெருவே சிரித்தது. நானும்தான்.

செல்லத்தாய் சிரிக்கவில்லை. மறுநாள் வைகையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் தண்ணீரை அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தவள், "அக்கா, ஒரு படகு மெதக்க எம்புட்டுத் தண்ணி வேணும்?" என்றாள். எங்கள் ஆற்றில் அவள் பார்த்த தண்ணீர் கணுக்கால் வரை. எனக்கு மட்டும் என்ன தெரியும்? "வேணும்டி, நெறைய" என்றேன். அதிலிருந்து குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கே அவள் தோள் குலுங்குவதைப் பார்த்திருக்கிறேன். மாசி போனது. பங்குனி வந்தது. தாண்டினேன் என்று கடிதம் வரவில்லை. இதுதான் வந்தது.

வந்ததும் வந்தது, எந்த நேரத்தில் வந்தது? இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, கருப்பசாமி பொங்கலுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிய கை நல்லகாமனுடையது. அடுத்த செவ்வாய் சாமி இறங்கி, அருவாள் மேல் ஏறி நிற்கப்போவதும் அவர்தான். அவர் வகையறாவில் சாவுத்தீட்டு விழுந்தால் காப்பை அவிழ்க்க வேண்டும். அருவாள் முத்திருளன் வகையறாவுக்குப் போகும். ஒரு தடவை போனது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

நல்லகாமன் வந்தார். கல்லுக்கு நாலடி தள்ளி நின்றார். தெருவில் பாதி ஆள் அதற்குள் கூடியிருந்தது. சொன்னது நான்தான், மறைப்பானேன்.

"செவ்வா கழியட்டும். பொதன்கெழமை பிரிப்போம்" என்றார்.

முத்திருளன் துண்டைத் தோளில் மாற்றினார். "மாமா, எழவு வீட்டுக் கை அருவாளத் தொட்டா ஊரு தாங்குமா?"

"காதுல விழாத சாவுக்குத் தீட்டு இல்ல மாப்ள. சட்டம் அதான். யாரும் படிக்கல, யாரும் கேக்கல."

"அப்ப அது கடுதாசி இல்லையா, வெறுங் காயிதமா?"

"பொதன்கெழமை வரைக்கும் காயிதம்தான்" என்றார் நல்லகாமன்.

பெருமைக்காரக் கிழவன், பிள்ளையைவிட அருவாள் பெரிதாகப் போயிற்று பார், என்று நான் பக்கத்து வீட்டு மாயக்காளிடம் சொன்னேன். மாயக்காள் நாலு வீட்டில் சொன்னாள்.

அந்த ஐந்து நாளும் தெருவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. துவைகல்லைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வண்டிக்காரர்கள் மாட்டை இழுத்துப் பிடித்து ஓரமாக ஓட்டினார்கள். பொம்பளைகள் செல்லத்தாயிடம் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்; மூடியதும் அதுவே அபசகுனமாகத் தோன்றியிருக்க வேண்டும், உடனே திறந்துவிட்டாள். எட்டணா அகலத்துக்குக் குங்குமம் வைத்தாள். பூ வாங்கினாள். காற்றடித்தால் அடுப்பில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். ஆடு வந்தால் விரட்டுவாள். கவர் பறந்துவிடக் கூடாது. அதே சமயம் அவள் கையும் அதில் பட்டுவிடக் கூடாது. பாம்பைக் காவல் காக்கிற மாதிரி காத்தாள்.

சனிக்கிழமை விடிகாலையில் நான் வாசல் தெளிக்க வந்தபோது நல்லகாமன் கல்லின் முன்னால் குந்தியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஓட்டாஞ்சில்லை எடுத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கவரின் மேல் வைத்தார். அதன் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே இருந்தார். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. நான் வாளியோடு உள்ளே வந்துவிட்டேன். இதை மாயக்காளிடம் சொல்லவில்லை.

திங்கள்கிழமை முத்திருளன் தெருவில் நின்று அறிவித்தார். சாயங்காலம் ஸ்டேஷன் குமாஸ்தாவைக் கூட்டி வரப்போகிறார். இங்கிலீஷ் தெரிந்த ஆள், வெளியூர்க்காரர், எந்த வகையறாவையும் சேராதவர். ஊரைக் கூட்டி அவர் படிப்பார். "சாமி காரியம். ஒளிவு மறைவு ஆகாது" என்றார். நல்லகாமன் படலைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

மதியம் தெரு அடங்கியிருந்த நேரத்தில் செல்லத்தாய் என் வாசலுக்கு வந்தாள். படியேறவில்லை.

"அக்கா, நீ பிரிச்சுப் படிச்சிரு."

"ஆத்தாடி. உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"குளிக்கப் போயிருக்காரு. படிச்சிட்டு மறுபடி ஒட்டி வச்சிரு. ஆனா எனக்குச் சொல்லாத."

"சொல்லாம எதுக்குடி படிக்கிறது?"

அவள் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டாள். "அந்த இருட்டுக்குள்ள, அம்புட்டுத் தண்ணிக்குள்ள, அவரு ஒருத்தருக்குமே தெரியாமக் கெடக்குறாருன்னா என்னால தாங்க முடியலக்கா. நம்ம மனுசி ஒருத்திக்காவது தெரியட்டும். குமாஸ்தா வாயால ஊருக்கு மத்தியில கேக்குறதுக்கு முன்னாடி, உன் மனசுல கொஞ்ச நேரம் இருக்கட்டும். உன் வாயி ஊருக்கே தெரியும். இந்த ஒரு தடவ மூடி வச்சுக்க."

வேறு யாராவது என் வாயைப் பற்றிச் சொல்லியிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

நான் கல்லுக்குப் போனேன். அவள் கூடவே வந்து முதுகைக் காட்டி நின்றாள். ஐந்து நாளாக என் விரல் எதற்குத் துடித்ததோ அது கையில் இருந்தது, விரலோ மரத்துப்போயிருந்தது. வெயிலில் பசை காய்ந்து, கவர் தானாகவே வாயைத் திறந்தது.

உள்ளே கடிதம் இல்லை. இன்னொரு தடவை விரலை விட்டுத் துழாவினேன். ஒரு போட்டோப் படம், கெட்டி அட்டையில். அவ்வளவுதான். பின்பக்கம் பேனாவால் இரண்டு வரி, இங்கிலீஷ். ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது. ஜெயக்கொடியின் கோணல் எழுத்து எங்கேயும் இல்லை. அவன் ஏன் எழுதவில்லை? எழுதக் கை இல்லாமலா, துரை அவசரத்தில் அனுப்பியதாலா? படம் அவர்கள் போய் வந்ததற்கு அத்தாட்சியா, இல்லை புறப்படுமுன் இச்சாங் கடையில் வாங்கியதா? ஒரு வார்த்தை கிடைத்தால் ஒன்பது வார்த்தை சேர்த்துச் சொல்கிறவள் நான். அந்த வெயிலில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

"ஏன்க்கா பேச மாட்டேங்கிற?"

"நீதானடி சொல்லாதன்ன."

அவள் திரும்பிவிட்டாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். ஐந்து நாளாகத் தொடாதவள், சாதாரணமாக வாங்கிக்கொண்டாள்.

இரண்டு பாறைச் சுவர்கள். கீழிருந்து மேல்வரை செங்குத்தாக, செடி கொடி இல்லாமல், பார்க்கிறவர் தலையில் சாய்ந்துவிடுகிற மாதிரி. மேலே வானம் வெள்ளைக் கீற்றாக இருந்தது. கீழே கறுப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் நெல்மணி அளவுக்கு ஒரு படகு. அதிலிருந்து மயிரிழையாக ஒரு கோடு கிளம்பிப் பாறையை நோக்கிப் போய், பாதியில் நிழலுக்குள் மறைந்தது. அதை இழுக்கிறவர்கள் இருக்கிறார்களா, இல்லையா, தெரியவில்லை.

"இம்புட்டு ஒசரமா?" என்றாள் செல்லத்தாய்.

படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மூச்சுப் பட்டு அட்டை மங்கியது. முந்தானையால் துடைத்தாள். படகில் நாலைந்து கரும்புள்ளிகள். அதில் ஒன்று உட்கார்ந்திருப்பதாகச் சொன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று நிற்பதாகச் சொன்னால் நிற்கிறது. ஒன்று விளிம்பை விட்டு வெளியே, தண்ணீருக்கு மேல் இருந்தது. அது ஆளா, அச்சில் விழுந்த தூசியா என்று எனக்குப் புரியவில்லை.

அவளும் அதைப் பார்த்துவிட்டாள். ஆட்காட்டி விரலை மெதுவாகக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தாள்.

தெருமுனையில் பேச்சுச் சத்தம் கேட்டது. சாயங்காலம் என்று சொல்லியிருந்த முத்திருளன் பொறுக்கமாட்டாமல் அப்போதே குமாஸ்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். குமாஸ்தா குடையை மடக்கிக்கொண்டே, கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். அவர்களுக்குப் பின்னால், ஈரவேட்டியோடு, தலை துவட்டாமல், நல்லகாமன் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார்.

"குடு தாயி, பின்னால எழுதியிருக்குல்ல" என்று முத்திருளன் படத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

செல்லத்தாய் படத்தைக் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொள்ளவும் இல்லை. விரலை மட்டும் எடுக்காமல் நின்றாள். நகத்தில் காய்ந்த சாணி ஒட்டியிருந்த அந்த விரல்நுனிக்கு அடியில் படகும், ஆட்களும், வடமும் மறைந்திருந்தன. இரண்டு பக்கமும் பாறை மட்டும் வெயிலில் பளபளத்தது.