செம்மேட்டில் ஒரு வேகச் சோதனை

மேனகாவின் தம்பி கதிர்வேல் மஞ்சள் காமாலையில் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் அழவில்லை. காரியம் முடிந்ததும் சென்னைக்கு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

அது 2006. அவளுடைய கம்பெனி செய்துகொடுத்த பஸ் டிக்கெட் இணையதளம் கிராமத்து போன் லைனில் எவ்வளவு மெதுவாகத் திறக்கிறது என்று பார்த்துவர ஆள் தேவைப்பட்டது.

"கொல்லிமலை உங்க ஊர்தானே மேனகா, போயிட்டு வாங்க" என்றார் மேலாளர்.

சரி என்றாள். எந்த ஊரைச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

மலைமேல் செம்மேட்டில் அர்த்தனாரியின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சோதனை புரோகிராமைப் போட்டாள். அது தானாகவே பிரவுசரைத் திறந்து, பக்கம் முழுதாக வந்துசேரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். ஆனால் ஓடவில்லை. அது ஓடுவதற்கு ஜாவா என்ற மென்பொருள் தேவை; கம்ப்யூட்டரில் இருந்த ஜாவா பழையது, புதியது வேண்டும் என்றது. இணையத்திலிருந்து அதை இறக்கவே காலைப்பொழுது போய்விட்டது. திரையில் கோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுப்புக்கூடத் தோன்றவில்லை.

ஒருவழியாகச் சோதனை ஓடத் தொடங்கியதும் அர்த்தனாரி வந்து நின்றார்.

"ஏங்கண்ணு, என்ன பண்ணுன? நம்ம பில்லு போடற புரோகிராம் தொறக்க மாட்டீங்குது."

அதற்குப் பழைய ஜாவாதான் ஒத்துவரும்.

"பழையபடி மாத்தித் தந்தர்றேனுங்க" என்றாள். மாற்றினாள். பில் திறந்தது, சோதனை நின்றுபோனது.

அந்நேரம் அம்மா பாப்பாயி சோற்றுத் தூக்குப்போசியோடு உள்ளே வந்தாள். மகள் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, தங்கள் ஊரான எடப்புளி நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"இன்னும் ஆவலையா சாமி?"

"ஒண்ணப் போட்டா இன்னொண்ணு நின்னுபோவுதும்மா."

பாப்பாயி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ அழுவலைன்னு ஊருல இன்னும் பேசிக்கிறாங்க."

"தெரியும்மா. வரல."

"எனக்கும் இப்பெல்லாம் வாரதில்ல கண்ணு. காட்டுக்குப் போறேன், வாரேன், சோறாக்குறேன். அவ்வளவுதான்."

மேனகா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தினமும் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துத்தான் அவள் இத்தனை நாளும் போன் செய்யாமல் இருந்தாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழைய ஜாவா இருந்த இடத்தைத் தொடவில்லை. புதியதைத் தனி ஃபோல்டரில் வைத்து, சோதனை புரோகிராம் மட்டும் அதை எடுத்துக்கொள்ளும்படி எழுதினாள். இரண்டும் ஓடின. அர்த்தனாரி பில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பக்கம் மெல்ல மெல்ல வந்தது. முதலில் எழுத்து, வெகுநேரம் கழித்துப் பேருந்துப் படம். அதுவரை அம்மாவும் மகளும் ஒரே போசியிலிருந்து தினைச்சோறு சாப்பிட்டார்கள்.

"முடிஞ்சுதா?"

"இல்லம்மா. நாளைக்கும் ஓட்டிப் பாக்கோணும்."

"அப்ப இன்னிக்கு ஊட்டுக்கு வா" என்றாள் பாப்பாயி.

மேனகா சரி என்றாள்.