ஏழாம் நம்பர் வீட்டில் பிறந்தவர்கள்

தெருவை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகுதான் எல்லோருக்கும் அதன் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. தெரு இருந்தபோது சாக்கடை அடைப்பை எடுக்க ஒரு ஆள் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது நூலகத்திலிருந்து ஒரு பெண், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, வீடு தேடி வந்து, "ஐயா, உங்க தெருவோட ஞாபகங்களைச் சொல்லுங்க" என்கிறாள். சாய ஆலைத் தொழிலாளிகள் குடியிருந்த இருபத்திரண்டு வீடுகள். எந்த வீட்டில் யார் யார் பிறந்தார்கள் என்று கல்லில் வெட்டி, அங்கே எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் பதிக்கப் போகிறார்களாம்.

ஆணியிடம் இந்தப் பருப்பெல்லாம் வேகாது. அவருடைய பெயர் வேறு. முப்பது வருஷம் அந்த ஆலையில் சரக்குப் பெட்டி அடித்தவர். எந்நேரமும் வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு திரிந்ததால் ஊருக்கே ஆணி. எழுத்துக்கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான் படிப்பு. எழுதுகிறவர்களை நம்ப மாட்டார். காகிதத்தில் எழுதித்தான் ஆலையை மூடினார்கள். காகிதத்தில் எழுதித்தான் வீட்டை இடித்தார்கள்.

ஆனாலும் இந்தக் கல் விஷயத்தில் அவருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஏழாம் நம்பர் வீட்டில் பிறந்த பிள்ளைகள் ஐந்து. அம்மா சாகும்வரை நாலு என்றே சொல்லிச் செத்தாள். அந்த நாலில் மூன்று பேர் போய்விட்டார்கள், மிச்சம் ஆணி ஒருத்தர். அவரும் வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்தால், ஐந்தாவது பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவே கல்லில் ஏறிவிடும்.

அந்த ஐந்தாவது பிள்ளை அவருடைய தங்கச்சி.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தோள் உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேலே பலகை. அந்தப் பக்கம் பாய்லர்காரர் குடித்தனம். பிள்ளை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தங்கச்சிக்குத் தலை வாரி, துவைத்த கவுனை மாட்டி, ஆணியின் கையில் பிடித்துக் கொடுத்து, "எட்டாம் நம்பர்ல விட்டுட்டு நீ மட்டும் வா" என்றாள். அவருக்கு அப்போது ஆறு வயது, அவளுக்கு மூன்று. ஏன் என்று கேட்டதற்கு அப்பா விட்ட அறையில் இரண்டு நாள் காது ஞொய்யென்றது. கூட்டிப் போனார். எட்டடி தூரம்கூட இருக்காது. வாசலில் அவள் கையை விடவில்லை. அவர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவாள். இந்தப் பக்கம் அம்மா வாயில் துணியைத் திணித்துக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள். "என்னடி கண்ணு, அம்மா இங்கதானே இருக்கேன்" என்று பாய்லர்காரர் மனைவியின் குரல் வரும். போகப் போக, கூப்பிட்ட குரலுக்கு அந்தப் பதிலே போதும் என்றாகிவிட்டது. யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மோப்பம் பிடித்து ஊருக்குச் சொல்லுகிற தெரு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூச்சு விடவில்லை.

அவள் படித்தாள். டெலிபோன் ஆபீசில் வேலைக்குப் போய், ஊருக்கு டெலிபோன்காரி ஆனாள். வழியில் பார்த்தால் ஆணியை "அண்ணே" என்பாள். சவரக்கடைக்காரரையும் அண்ணே என்பாள், பால்காரரையும் அண்ணே என்பாள். ஊருக்கெல்லாம் பங்கு போட்ட அண்ணனில் அவருக்கும் ஒரு துண்டு.

நூலகத்தின் பின்கட்டு அறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். தெருவில் மிஞ்சிய கிழடுகள் பத்துப் பன்னிரண்டு பேர். சவரக்கடைக்காரர் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். டெலிபோன்காரி கடைசி வரிசையில்.

"முதல்ல ஒரு சந்தோஷமான ஞாபகம் சொல்லுங்கய்யா" என்றாள் நூலகப் பெண்.

ஆணிக்குச் சட்டென்று வந்தது அப்பாவின் கைதான். சாயத்தொட்டியில் நின்ற கை. ஒரு வாரம் முழங்கை வரைக்கும் நீலம், அடுத்த வாரம் சிவப்பு. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையாலேயே சாப்பிடுவார், அந்தக் கையாலேயே அடிப்பார். பிறகு அவரைப் பாய்லர் ரூமில் எண்ணெய் போடுகிற வேலைக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் கை மனுஷன் கை மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்து முகர்ந்து பார்த்தோம் என்று ஆணி சொன்னபோது கூட்டம் சிரித்தது. நூலகப் பெண் வேக வேகமாக எழுதினாள்.

அப்புறம் வீட்டு வரிசை வந்தது.

"ஏழாம் நம்பர். எத்தனை பேருங்கய்யா பிறந்தீங்க?"

"அஞ்சு."

சவரக்கடைக்காரர் இருமினார். "ஆணி, வயசாச்சுன்னா எண்ணிக்கை தப்பத்தான் செய்யும். நாலுடா."

"மீசைய ரெண்டு பக்கமும் ஒரே அளவா எடுக்கத் தெரியாத பய, நீ எனக்கு அளவு சொல்றியா?"

மறுபடியும் சிரிப்பு. கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள் டெலிபோன்காரி.

வராந்தாவில் யாரும் இல்லை. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அந்த அஞ்சாவது பேரு என்னன்னு எனக்குத் தெரியும்."

ஆணி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "எப்பத் தெரியும்?"

"பதினாலு வயசுல. அம்மா சொல்லுச்சு."

"எந்த அம்மா?"

"எனக்கு ஒரு அம்மாதான்."

"பின்ன ஏன் இத்தனை வருஷமா வாயே திறக்கல?"

"நீங்க திறந்தீங்களா?"

"அப்பா கொன்னே போட்டிருப்பாரு."

"அவரு செத்து முப்பத்தெட்டு வருஷம் ஆச்சுண்ணே."

ஆணி வேறு வழியாக வந்தார். "நாலுன்னு சொல்றப்பல்லாம் அம்மாவுக்கு நாக்கு தடுக்கும். நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். ஒரு கல்லுலயாவது அவ பெத்தது சரியா இருக்கட்டுமே."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கப்பா கை சுத்தமான கதையை உள்ள சொன்னியே, அது எந்த வருஷம்?"

"எனக்கு ஆறு வயசு இருக்கும்."

"அப்ப எனக்கு?"

ஆணி விரல் மடக்கி எண்ணினார். மூணில் நின்றது.

"பாய்லர் ரூமுக்கு ஆள் எடுக்கிறது யாரு கையில இருந்துச்சு? எங்கப்பா கையில. ஞாயித்துக்கிழமை நீ என்னைக் கொண்டுபோய் விட்டே. திங்கக்கிழமை உங்கப்பா தொட்டிய விட்டு ஏறிட்டாரு. நீங்க நாலு பேரும் அந்தக் கையைப் புடிச்சு மோந்து பாத்துக்கிட்டிருந்தப்ப, நான் சுவத்துக்கு அந்தப் பக்கம் கத்திக்கிட்டிருந்தேன்."

அறுபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவரை நீ என்று பேசினாள். கூடப் பிறந்தவள் பேசுகிற பேச்சு. அது வந்த நேரத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"தொட்டியில நின்னவன் எவனும் அம்பதைத் தாண்டல" என்றார் மெதுவாக. "அப்பா எழுவது வரைக்கும் இருந்தாரு."

"இருந்தாரு. எதிர்ல என்னைப் பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவாரு. அப்படித்தான் இருந்தாரு." அவள் குரலைத் தணித்தாள். "அஞ்சுன்னு எழுதினா, பாக்கிறவன் என்ன நினைப்பான்? அஞ்சையும் பெத்து வளர்த்த வீடுன்னு நினைப்பான். எட்டாம் நம்பருக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு பேரு. அதையும் உங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டா, அங்க ரெண்டு பேரு வாழ்ந்ததே இல்லைன்னு ஆயிடும். எங்கம்மாவுக்கு வெறும் கல்லா குடுக்கச் சொல்றே?"

ஆணி சுவரில் கை ஊன்றி நின்றார். அம்மாவுக்காக என்றுதான் கிளம்பி வந்தார். அது முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த விரல்களைப் பிரித்த குற்றத்தை ஒரு கல்லின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்ற நினைப்பும் அதில் பாதி இருந்தது. அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் பட்டது.

"நான் என்ன செய்யணும்கிற?"

"ஒண்ணும் செய்ய வேணாம். இத்தனை நாள் செஞ்சதையே செய்ங்க."

மறுபடியும் ங்க சேர்ந்துவிட்டது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது நூலகப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். "நாலா, அஞ்சாங்கய்யா?"

"நாலு."

"நான் சொல்லல?" என்றார் சவரக்கடைக்காரர்.

நூலகப் பெண் ஐந்தை அடித்துவிட்டு நாலு என்று எழுதினாள். ஆணி எட்டிப் பார்த்தார். "அடிச்சது தெரியுது. வேற தாள்ல எழுதும்மா."

புதுத் தாளில் நாலு பேர்களையும் சொல்லச் சொல்ல எழுதினாள். அடுத்து எட்டாம் நம்பர் என்று கூப்பிட்டாள். கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு பேர் கணீரென்று வந்தது. அதை எழுதி முடித்துவிட்டு, ஏழாம் நம்பர் தாளை ஆணியின் பக்கம் தள்ளினாள். கையெழுத்துப் போட வேண்டுமாம். அடியில் ஏதோ அச்சடித்திருந்தது. ஆணி கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்: மேலே கண்டவை யாவும் உண்மை.

பேனா முதல் இரண்டு தடவை எழுதவில்லை. உதறிவிட்டு, அழுத்திப் போட்டார்.