அறுபத்திரண்டு வெற்றுக் கட்டங்கள்

புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிற அலுவலகத்தில் அவருக்குக் 'கட்டளைக்காரர்' என்று பெயர். மற்றவர்கள் மவுஸைப் பிடித்து இழுத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்தால், அவர் மட்டும் கணினியில் கட்டளை தட்டி வைப்பார். அதற்கென்று பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டி, சொந்தமாக ஒரு மேக்ரோவே எழுதி வைத்திருந்தார். படக்கோப்பின் பெயரையும் அகலத்தையும் கொடுத்தால் போதும். படமும் எண்ணும் விளக்கமும் தாமாகவே போய் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அவர் மனைவி களைச்செடிகளின் விதைகளை வரைகிறவள். கடுகளவு விதையை லென்ஸுக்குக் கீழே வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு வரைவாள். அறுபத்திரண்டு படங்கள், பத்து வருஷ உழைப்பு. புத்தகத்தை நோய் முந்திக்கொண்டது.

"கண்ணு தெரியும்போதே ஒரு தடவ புரட்டிப் பாத்துட்டாப் போதுங்க," என்றாள் மருத்துவமனைக் கட்டிலில். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

அவர் பக்கம் அமைக்க உட்கார்ந்தார். நாற்பதாவது படம் வரை ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் கோடு நடுங்க ஆரம்பித்திருந்தது. நெருஞ்சியின் முள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக விழுந்திருந்தது. பாவம், மனிதருக்குத் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படத்தைக் காட்டாமலே பக்கம் அமைக்க ஒரு வழி உண்டு, கேளுங்கள். 'வரைவு' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், படத்துக்குப் பதில் அதே அளவில் ஒரு கட்டம் வரும். உள்ளே கோப்பின் பெயர், அதாவது விதையின் பெயர், மட்டும் இருக்கும். எல்லோரும் அந்தச் சொல்லைக் கோப்பின் முதல் வரியில்தான் போடுவார்கள். அவரோ தன் மேக்ரோவுக்குள்ளே போட்டுவிட்டார். அச்சுக்கு அனுப்புகிற அன்று பழக்கப்படி முதல் வரியைப் பார்த்தார்; அங்கே அந்தச் சொல் இல்லை. பக்கங்களைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். புரட்டினால் அந்தக் கோடுகள் கண்ணில் படுமே என்று, பார்க்காமலே அனுப்பிவிட்டார்.

புத்தகக் கட்டு வந்ததும் பிரிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். அவள் தலையணையில் சாய்ந்து தானே பிரித்தாள். ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம். பிறகு கடைசிவரை வேகமாக.

"என்னங்க, படத்தையெல்லாம் எடுத்துட்டீங்களா?"

அவர் எட்டிப் பார்த்தார்; பக்கத்துக்குப் பக்கம் வெறும் கட்டங்கள்.

"கை நடுங்கிருச்சுன்னுதானே? நல்லா இல்லைன்னு எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல. நான் ஒண்ணும் கோவிச்சிருக்க மாட்டேன்."

"ஐயோ, இல்லம்மா! ஒரே ஒரு சொல்லு, அத எடுக்க மறந்துட்டேன். உன் கை நடுங்குனதப் பாக்க மனசு தாங்கல, அதான் மறைச்சு வெச்சு வேல பாத்தேன்…"

"சரி, விடுங்க." அவள் அட்டையைத் தடவினாள். "மொத நாப்பது நல்லாத்தானே இருந்துச்சு? அதையாவது விட்டு வெச்சிருக்கலாம்."

வெளியே வந்து அச்சகத்துக்குப் போன் போட்டார்.

"கட்டம் கட்டி உள்ள விதை பேரு போட்டிருந்துச்சா, பிள்ளைங்க வரைஞ்சு பழகுற புத்தகமாக்கும்னு நெனச்சேன் சார்! புதுசா இருக்கேன்னு எங்க ஆளுங்ககிட்டக்கூடச் சொன்னேன்," என்றார் அச்சகக்காரர்.

வீட்டுக்குப் போய் அந்தச் சொல்லை அழித்தார். அறுபத்திரண்டும் வந்து உட்கார்ந்தன. நடுங்கிய கோடுகளை அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். ஒரு முள்ளைக்கூட அவள் விட்டிருக்கவில்லை. கை எவ்வளவு ஆடினாலும் எண்ணி எண்ணிப் போட்டிருந்தாள். எல்லாவற்றையும் பிரிண்டரில் எடுத்துக்கொண்டு, மை காய்வதற்குள் கிளம்பினார்.

மருத்துவமனை அறை வாசலில் மைத்துனி நின்றிருந்தாள். அவர் கையிலிருந்த தாள்களை வாங்கி நாற்காலியில் வைத்தாள்.

"அக்கா போயிட்டா மாமா. அரை மணி நேரமாச்சு."

அவர் நாற்காலியிலிருந்த தாள்களைப் பார்த்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"புத்தகத்தப் பத்தி ஏதாவது சொன்னாளா? நான் சொன்னத நம்புனேன்னு… இல்ல, நம்பலேன்னாவது?"

மைத்துனி யோசித்தாள். ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் அவள் வாயில் வரவில்லை.

"இல்ல மாமா. வெளிச்சம் கூசுது, ஜன்னலச் சாத்துன்னா. அவ்வளவுதான்."